பழைய டிராக்டரும் அதற்கேற்ற எண்ணெயும்

உழவின் பெருமையை நூல்வழிக் கற்கும் நாம், உழவின் கருவிகளைப் பற்றி ஆராயப் புகுதல் அரிதாகவே உள்ளது. ஏர், கொழு, நுகம், மேழி என்னும் சொற்களுக்குப் பொருள் கூற வல்ல தமிழ் மாணாக்கர் பலர், தம் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் டிராக்டருக்கு எவ்வெண்ணெய் இடுதல் வேண்டும் என வினவின் விடை கூற மாட்டார். நம் கல்லூரியிற் பயில்வோருள் உழவர் குடியிற் பிறந்தோர் பலர். பழைய மாணாக்கருள்ளும், ஆசிரியப் பணியோடும் அலுவலகப் பணியோடும் ஊரில் உள்ள நிலத்தையும் பேணி வருவோர் பலர். தந்தையார் காலத்தில் வாங்கிய டிராக்டர்கள் அவர்தம் வயல்களில் இன்றும் உழுதுகொண்டிருக்கின்றன. புதியது வாங்கும் பொருள்வளம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆகலின் உள்ளதைக் காத்தலே அவர்க்குச் செல்வமாகும். காக்கும் வழிகளுள் தலையாயது, தக்க எண்ணெயைத் தேர்ந்து தக்க காலத்தில் இடுதல். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சியாற் பெறுவதும் இழப்பதும் யாவை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் உண்டு. வாய்க்காலில் நீர் வந்தபின் தொளி உழவுக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் என்ஜின் பழுதுற்று நிற்குமாயின் நாற்றங்காலில் நாற்று முற்றும். வாடகை டிராக்டரைத் தேடி ஊரெங்கும் அலைய நேரும். கிடைத்தாலும் முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். என்ஜினைப் பிரித்துப் புதுக்கும் செலவோ, சிறு உழவர் ஒருவர்க்கு ஒரு போகத்து ஊதியத்தையே விழுங்கிவிடவும் கூடும். சில லிட்டர் எண்ணெயில் இத்துணைப் பெருங்கேடும் காப்பும் அடங்கியிருத்தலின், இதனைச் சிறு பொருளென்று தள்ளுதற்கில்லை.

எண்ணெயின் தொழில்

மாட்டுவண்டி ஓட்டியோர் அச்சுக்கு மை இடுவதை நாம் அறிவோம். எரித்த வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்து அம்மையைச் செய்வர். அது இல்லையேல் சக்கரம் கூவும், அச்சுத் தேயும், மாடு இளைக்கும். அவ்வண்டி மையின் வழித்தோன்றலே இன்று ஊரார் என்ஜின் ஆயில் என்று வழங்குவது. ஆயினும் வண்டி மைக்குத் தொழில் ஒன்றே. என்ஜின் எண்ணெய்க்குத் தொழில் ஐந்து. உரசும் பரப்புக்களை ஒன்றையொன்று தொடாமற் பிரித்தல் ஒன்று. பிஸ்டனின் அடியிலும் பேரிங்குகளிலும் எழும் வெம்மையைச் சுமந்து சென்று ஆற்றுதல் இரண்டு. பிஸ்டன் ரிங்குகளுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே நின்று, எரிந்த வாயு கீழே கசியாமல் அடைத்தல் மூன்று. புகைக்கரியையும் பிற அழுக்கையும் தன்னுட்கொண்டு வடிகட்டி வரை கொண்டுசெல்லுதல் நான்கு. அமிலத்தாலும் ஈரத்தாலும் உலோகம் அரிக்கப்படாமற் காத்தல் ஐந்து.

இவற்றுள் முதற்றொழில் எத்துணை அரியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மாசி பெர்குசன் 35 என்னும் பழைய டிராக்டரில் அமைந்த பெர்க்கின்ஸ் மூன்றுருளை டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். இக்குடும்பத்தைச் சேர்ந்த டிராக்டர்கள் தமிழ்நாட்டிற்குப் புதியன அல்ல; 1960ஆம் ஆண்டிற் சென்னையில் தொடங்கப்பெற்ற டாபே நிறுவனம் மாசி பெர்குசன் கூட்டுறவோடு டிராக்டர்களைச் செய்து வந்தது. இவ்வென்ஜினின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லிட்டர். ஒவ்வொரு பிஸ்டனும் 127 மில்லிமீட்டர் மேலேறி, அத்தூரமே கீழிறங்குகிறது. என்ஜின் நிமிடத்திற்கு 2000 சுற்றுச் சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ எட்டரை மீட்டராகும். அவ்வேகத்தில் இரும்பை இரும்பு தொடாமற் காப்பது, தலைமயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கினும் மெல்லியதான எண்ணெய்ப் படலமே.

இத்துணை மெல்லிய படலம் பெரும் பாரத்தைத் தாங்குவது எங்ஙனம்? இதன் உண்மை 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பீசம் டவர் என்னும் பொறியாளர் செய்த சோதனையால் வெளிப்பட்டது. அவர் சுழலும் அச்சொன்றின் மேலமைந்த பேரிங்கில் எண்ணெய் இடுதற்கு ஒரு துளை செய்தார். அத்துளை வழியே எண்ணெய் மேலே பீறிட்டது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை கொண்டு அடைத்தார். அதுவும் அவ்வாறே ஆயிற்று. அச்சின் சுழற்சியே எண்ணெயை ஒடுங்கிய இடைவெளிக்குள் ஈர்த்து, அங்கே பேரழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அதனால் விளங்கிற்று. 1886ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெயினால்ட்ஸ் என்பார் இதற்குக் கணித விளக்கம் தந்தனர். இதனால் நாம் அறிய வேண்டுவது யாதெனின், படலம் நிற்பதற்கு மூன்று வேண்டும்: தக்க வேகம், தக்க இடைவெளி, எண்ணெயின் தக்க தடிப்பு என்பன. முதலிரண்டும் பொறியின்பாற்பட்டன. மூன்றாவதே வாங்குவோர் கையில் உள்ளது.

தடிப்பும் அதனைக் குறிக்கும் எண்ணும்

எண்ணெய் இளகி ஓடுதற்குத் தானே காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்பர். தேன் மெல்ல ஒழுகுதலும் நீர் விரைந்தோடுதலும் பாகுநிலையின் வேறுபாட்டாலேயாம். சூடேறின் எவ்வெண்ணெயும் இளகும், குளிரின் தடிக்கும். பனிக்காலத்து விடியலிற் கலயத்து நெய் உறைதலும், அடுப்பருகில் வைத்தபின் நீர்போல் ஓடுதலும் யாவரும் கண்டனவே. ஆகலின் ஓர் எண்ணெயின் பாகுநிலையைக் கூறும்போது எச்சூட்டில் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

1905ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் சங்கம், 1911ஆம் ஆண்டில் எண்ணெய்களைத் தடிப்பு நோக்கி வகுக்கும் முறையை வெளியிட்டது. தகரத்தின் மேற்காணும் எஸ்.ஏ.இ. என்னும் மூன்றெழுத்து அச்சங்கத்தின் பெயர்ச்சுருக்கமாகும். எழுத்தின்றி நிற்கும் எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில், அதாவது என்ஜின் நன்கு உழைத்துச் சூடேறிய நிலையில், எண்ணெயின் தடிப்பைக் காட்டும். சென்டிஸ்டோக்ஸ் என்னும் அளவையில் 9.3 முதல் 12.5க்கு உட்பட்டது 30 எனவும், 12.5 முதல் 16.3க்கு உட்பட்டது 40 எனவும், 16.3 முதல் 21.9க்கு உட்பட்டது 50 எனவும் பெயர்பெறும். அறைச்சூட்டில் உள்ள நீர் அவ்வளவையில் ஏறத்தாழ 1 என்பதை உடன்வைத்து நோக்கின் இவ்வெண்களின் பொருள் தெளிவாகும்.

இனி, 15 டபிள்யூ 40 என்றாற்போல் இரண்டெண் கூடி வருவன உள. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண், குளிர்ந்த என்ஜினைச் சுழற்றித் தொடங்கும்போது எண்ணெய் தடையாகாதிருக்கும் தன்மையைக் குறிக்கும். எண் சிறுத்தல் கடுங்குளிரினும் ஓடும் ஆற்றலைக் காட்டும். 15 டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழ் 20 பாகையிலும், 20 டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழ் 15 பாகையிலும் அதற்காகச் சோதிக்கப்படுகின்றன. நம் சமவெளிகளில் அத்தகைய குளிர் இல்லை. உதகமண்டலத்து உறைபனிக்கும் 15 டபிள்யூ போதியதே. 5 டபிள்யூ எண்ணெய்க்கு மிகைப்பணம் கொடுத்தல் நம் நாட்டுப் பழைய டிராக்டருக்கு வேண்டாத செலவு.

அங்ஙனமாயின் நமக்கு இரண்டெண் எண்ணெய் எதற்கு, 40 என்னும் ஓரெண் எண்ணெயே போதாதோ எனின், போதும் என்றே பழைய உழவர் பலர் நடந்துவந்தனர்; அதனால் என்ஜின் கெடவும் இல்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 40 பாகைச் சூட்டில், அதாவது நம் நாட்டுக் கோடைப் பகலில் நின்றிருந்த என்ஜினில், ஓரெண் 40 எண்ணெய் பொதுவாக 150 சென்டிஸ்டோக்ஸ் அளவிலும், 15 டபிள்யூ 40 எண்ணெய் 110 அளவிலும் நிற்கும். சூடேறியபின் இரண்டும் ஒத்தனவே. ஆகவே தொடங்கும் வேளையில் பின்னது விரைந்து பேரிங்குகளைச் சென்று சேரும். என்ஜினின் தேய்மானத்திற் பெரும்பகுதி எண்ணெய் வந்து சேருமுன் நிகழும் உராய்வினால் ஆதலின், இவ்விரைவு பயனுடையதேயாம்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ஒரு சொல் இடம் வேறுபடப் பொருளும் வேறுபடுதலை இலக்கணத்திற் காண்கின்றோம். எண்ணெய்க் கடையிலும் அஃது உண்டு. கியர் ஆயிலுக்கு வழங்கும் எண் வரிசை வேறு. என்ஜின் எண்ணெய்க்கு வழங்கும் வரிசை வேறு. கியர் வரிசையில் 90 என்பது 100 பாகையில் 13.5 முதல் 18.5க்கு உட்பட்டது, அஃதாவது என்ஜின் வரிசையின் 40, 50 என்பவற்றை ஒத்ததே. எனவே 90 என்னும் எண்ணைக் கண்டு இருமடங்கு தடித்ததென்று கருதுதல் பிழை. தடிப்பு ஒத்ததென்று அதனை என்ஜினில் ஊற்றுதல் அதனினும் பெரும் பிழை. பல்லிணைக்குரிய மருந்தும் என்ஜினுக்குரிய மருந்தும் ஒன்றல்ல.

எழுத்துக் குறியின் பொருள்

மருந்து என்றது உவமையன்று. மண்ணெண்ணெய் முதலியவற்றோடு நிலத்தடியிலிருந்து பெறும் மூல எண்ணெயிற் பிரித்தெடுத்த எண்ணெய் மட்டும் இந்நாளைத் தகரத்தில் இல்லை. அழுக்கைக் கழுவும் பொருள், கழுவிய அழுக்கைத் திரளவொட்டாமல் மிதக்கவைக்கும் பொருள், அமிலத்தை முறிக்கும் காரப்பொருள், உலோகத்தின் மேற் காப்பாகப் படியும் துத்தநாகமும் பாஸ்பரசும் கூடிய பொருள், நுரையை அடக்கும் பொருள் எனப் பலவும் அதில் உள. இவற்றின் தகுதியைக் காட்டுவது ஏ.பி.ஐ. என்னும் குறி. 1919ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பெயர்ச்சுருக்கம் அது. அதன்பின் எஸ் என்னும் எழுத்தில் தொடங்குவன பெட்ரோல் என்ஜினுக்கும், ஸி என்னும் எழுத்தில் தொடங்குவன டீசல் என்ஜினுக்கும் உரியன. ஸி.டி., ஸி.எப்.4, ஸி.எச்.4, ஸி.ஐ.4, ஸி.ஜே.4, ஸி.கே.4 என இவ்வரிசை வளர்ந்து வந்துள்ளது. ஸி.எச்.4 1998ஆம் ஆண்டிலும், ஸி.ஐ.4 2002ஆம் ஆண்டிலும், ஸி.கே.4 2016ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

பழைய டிராக்டரின் கைந்நூலில் இன்று வழக்கொழிந்த குறியே காணப்படும். ஸி.ஏ. முதல் ஸி.ஜி.4 வரையிலான வகுப்புக்களைக் கழகம் வழக்கொழிந்தனவாகக் குறித்துவிட்டது. வழக்கொழிந்த சொல்லுக்கு அகராதி வேண்டுவதுபோல் இதற்கும் ஒரு விதி வேண்டும். அவ்விதி இது: ஸி.எச்.4, ஸி.ஐ.4, ஸி.கே.4 என்னும் பின்வந்த வகுப்புக்கள், ஸி.டி., ஸி.எப்.4 என்று கேட்கும் பழைய என்ஜின்களுக்குப் பொதுவாக இடத்தக்கனவே. ஒன்று மட்டும் விலக்கத்தக்கது. 2016ஆம் ஆண்டில் ஸி.கே.4 உடன் பிறந்த எப்.ஏ.4 என்பது மிக மெல்லிய எண்ணெயாய்ப் புத்தியற்கைச் சாலை வண்டிகளுக்கென அமைந்தது. அதனைப் பழைய என்ஜினில் இடலாகாது.

வழக்கிலுள்ள மூன்று கொள்கைகள்

முதலாவது, "பழைய என்ஜினுக்குத் தடித்த எண்ணெயே நல்லது" என்பது. இதில் ஒரு பகுதி உண்மை. தேய்ந்த பேரிங்கில் இடைவெளி பெருகியிருத்தலின், 15 டபிள்யூ 40 இட்டபோது அழுத்தமானி தாழக் காட்டுமாயின், 20 டபிள்யூ 50 சிறிது காலம் துணைசெய்யும். ஆயின் அழுத்தமானி காட்டுவது எண்ணெயின் எதிர்ப்பையேயன்றி ஓட்டத்தையன்று என்பதை மறத்தலாகாது. தடித்த எண்ணெயால் முள் உயர்தல், காய்ச்சல் தணிந்ததன் அடையாளமன்று. காய்ச்சல் அளக்கும் கோலை மாற்றியதைப் போன்றதே. தேய்மானம் இருந்தபடியே இருக்கும். தேய்மானமில்லாத என்ஜினுக்கோ, வயது மிகுந்தது என்பதனால் மட்டும் தடித்த எண்ணெய் இடுதல், காலைத் தொடக்கத்தில் பேரிங்குகளைச் சிறிது நேரம் பட்டினியிடுவதாகவே முடியும்.

இரண்டாவது, "கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெய்" என்பது. டீசல் எரிதலிற் கரி உண்டாதல் இயல்பு. நல்ல எண்ணெய் அக்கரியைத் தன்னுட் கலந்து மிதக்கவைத்து, ரிங்கின் பள்ளங்களிலும் துளைகளிலும் படியவொட்டாமற் காக்கிறது. புதிதாய் இட்ட எண்ணெய் சில மணி உழைப்பிலேயே கறுப்பது அதன் கடமையைச் செய்தது என்பதற்குச் சான்றாகும். நிறத்தைக் கொண்டு எண்ணெயை அளத்தலாகாது. உழைத்த மணிக்கணக்கைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

மூன்றாவது, "விலை மிகுந்ததே சிறந்தது" என்பது. ஸி.ஜே.4, ஸி.கே.4 என்னும் வகுப்புக்கள், புகைவடிகட்டி பூண்ட புது என்ஜின்களைக் கருதிச் சாம்பல் குறைவாக விளையும்படி அமைக்கப்பட்டன. பழைய டிராக்டரில் அவ்வடிகட்டி இல்லை. ஆகலின் அவ்வெண்ணெய் தீங்கு செய்யாது. ஆயினும் அதற்காகக் கொடுக்கும் மிகைவிலைக்குத் தக்க பயனும் தராது. அம்மிகைவிலையைச் சேமித்து உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றுவார் அறிவுடையார்.

எண்ணெயைத் தேருமுன் பொறியைத் தேர்க

நோயறியாது மருந்து கொடுத்தல் தகாது. எனவே எண்ணெய் வாங்கச் செல்லுமுன் என்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்டல் வேண்டும். புகைபோக்கியில் நீலப்புகை எழுமாயின் எண்ணெய் எரிகிறது என்க. ரிங்கோ வால்வு வழியோ தேய்ந்திருக்கும். கரும்புகை மிகின் டீசல் மிகையாகவோ காற்றுக் குறைவாகவோ சேர்கிறது. எண்ணெய் அளக்கும் கோலில் பால்போன்ற வெண்மை காணின் நீர் கலந்தது. உடனே நிறுத்தல் வேண்டும். இவற்றுள் எதனையும் எண்ணெயை மாற்றித் தீர்த்துவிட இயலாது.

இன்னுமொரு குறி உண்டு. பலர் அதனை நற்குறியென்று மயங்குவர். எம் ஊரில் முதியவர் ஒருவர் தம் டிராக்டரில் எண்ணெய் குறையவே இல்லை, ஏறுகின்றது என மகிழ்ந்து கூறிவந்தார். மெக்கானிக் இளைஞர் ஒருவர் கோலை எடுத்து முகர்ந்துவிட்டு, "அண்ணாச்சி, இது ஆயில் ஏறினதல்ல, டீசல் இறங்கினது" என்றார். டீசலைத் தொட்டியிலிருந்து ஈர்க்கும் சிறு பம்பில் உள்ள தோற்சவ்வு கிழிந்து, டீசல் என்ஜினின் அடித்தொட்டிக்குள் கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய் நீர்த்துப் பேரிங்குகள் அழியும் தறுவாயில் இருந்தது. அப்போது பிசான நடவுக்குப் பத்து நாட்களே இருந்தன. சவ்வை மாற்றி, எண்ணெயையும் வடிகட்டியையும் புதிதாக இட்டபின் அவ்வாண்டு நடவு தடையின்றி நடந்தது. எத்துணை உயர்ந்த எண்ணெயை ஊற்றியிருப்பினும், சவ்வு கிழிந்திருக்குங்காறும் அது வீணே.

நெடுங்காலம் கழுவும் தன்மையற்ற எண்ணெயிலேயே ஓடிய என்ஜினுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அதன் அடியிற் சேறுபோல் அழுக்குப் படிந்திருக்கும். திடீரெனக் கழுவும் தன்மை மிக்க எண்ணெயை இட்டால் அச்சேறு பெயர்ந்து எண்ணெய் வழிகளை அடைக்கக்கூடும். அத்தகைய என்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றி, சேற்றை நீக்கி, உறிஞ்சும் வலையைத் துடைத்த பின்னரே புது எண்ணெய் இடுதல் வேண்டும். முதலிரு முறை குறுகிய கால அளவில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுதல் நலம்.

தேரும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து முறைப்படுத்துவோம். முதலாவது, டிராக்டரின் கைந்நூலைத் தேடுக. அது காணாமற் போயிருப்பின், அவ்வகை என்ஜினுக்குரிய கைந்நூலின் படியைப் பெறுக. ஊர்ப்பேச்சினும் கைந்நூல் வலிது. இரண்டாவது, கைந்நூல் காட்டும் தடிப்பை நம் ஊர்ச் சூட்டோடு பொருத்துக. பழைய கைந்நூல்கள் பல, குளிர்நாட்டையும் உட்கொண்டு காலத்திற்கொரு தடிப்பைக் கூறுவன. அவற்றுள் வெப்பநாட்டுக்குரிய வரியையே நாம் கொள்ளுதல் வேண்டும். மூன்றாவது, கைந்நூல் கூறும் வகுப்புக்குத் தாழாத, டீசலுக்குரிய ஸி வரிசைக் குறி தகரத்தில் உள்ளதா என நோக்குக. நான்காவது, என்ஜினின் இற்றை நிலையை நோக்குக. ஐந்தாவது, முத்திரை உடையாத தகரத்தை நம்பத்தக்க கடையில் வாங்குக. பழைய எண்ணெயைத் தெளியவைத்துப் புதிதென விற்பாரும் உளர்.

இம்முறையை முற்கூறிய மூன்றுருளை டிராக்டருக்குப் பொருத்திக் காண்போம். நெல்லைச் சமவெளியில், தேய்மானம் மிகாத நிலையில் அதற்கு ஏற்றது ஸி.எச்.4 அல்லது ஸி.ஐ.4 வகுப்பைச் சேர்ந்த 15 டபிள்யூ 40 எண்ணெய். சூடேறியபின் அழுத்தம் தாழ்ந்து, புதுக்கும் வேலையை அறுவடைக்குப் பின் தள்ள வேண்டிய நிலையில், 20 டபிள்யூ 50 இடைக்காலத் துணையாகும். மூல எண்ணெயிற் பிறந்த வகையே போதும்; செயற்கை முறையில் ஆக்கிய எண்ணெய் தீங்கற்றதேனும், எரித்தும் ஒழுக்கியும் வீணாக்கும் பழைய என்ஜினில் அதன் விலை பயனின்றிக் கழியும்.

மாற்றும் காலமும் முறையும்

எண்ணெயை எப்போது மாற்றுவது? கைந்நூல் கூறும் மணிக்கணக்கே முதல் விதி. ஆயின் ஒரு செய்தியை உடன் நினைத்தல் தகும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு கூடி அமிலமாகிறது. அதனை முறித்து முறித்தே எண்ணெயின் காரம் தீர்கிறது. 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு 1 பங்கு வரை கந்தகம் இருக்க இடமிருந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் அது பத்து லட்சத்திற் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. அதாவது ஆயிரத்தில் ஒன்றாக. ஆகலின் அமிலத்தின் கொடுமை இன்று மிகக் குறைந்துள்ளது. அதுகொண்டு காலத்தை நீட்டலாமோ எனின், ஆகாது. கரியும் புழுதியும் ஈரமும் குறையவில்லை. ஆண்டிற் சில நாட்களே உழைக்கும் டிராக்டராயினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். நெடுநாள் நிறுத்தி வைக்குமுன் மாற்றுதல் இன்னும் சிறப்பு. பழைய எண்ணெயில் தங்கிய ஈரமும் அமிலமும் கிடப்பில் உலோகத்தைத் தின்னாதிருக்கும்.

மாற்றும்போது என்ஜினைச் சிறிதுநேரம் ஓட்டிச் சூடேற்றிய பின்னரே வடித்தல் வேண்டும். மிதக்கும் அழுக்கு எண்ணெயோடு சேர்ந்து வெளியேறும். டிராக்டர் சமதரையில் நிற்றல் வேண்டும். வடிகட்டியை உடன் மாற்றுதல் வேண்டும்; கழுவாத பாத்திரத்திற் புதுப்பால் கறப்பாரில்லை. கோலின் மேற்கோட்டைத் தாண்டி ஊற்றலாகாது. மிகின் எண்ணெய் கிராங்கில் அடிபட்டு நுரைக்கும். பின்னர் என்ஜினை மெல்ல ஓட்டி அழுத்தம் ஏறுதலைக் கண்டு, நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீளவும் அளத்தல் வேண்டும்.

பழைய டிராக்டர்களிற் காற்றைத் தூய்மை செய்யும் கிண்ணமும் எண்ணெயாலேயே தொழில் செய்வது. தேரிக்காட்டுச் செம்மணலில் உழும் டிராக்டருக்கு இக்கிண்ணமே உயிர்க்காவல். அதனிற் புழுதி சேறாகப் படியுமுன் கழுவி, கைந்நூல் கூறிய என்ஜின் எண்ணெயைக் குறித்த அளவு இடுதல் வேண்டும். இதனை மறந்தோர் எத்துணை நல்ல எண்ணெயை என்ஜினில் ஊற்றினும், உள்ளே புகும் மணல் ரிங்குகளை அரைத்துத் தீர்க்கும்.

வடித்த கழிவெண்ணெயை வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் கொட்டுதல் பெருந்தீது. அது நீரைக் கெடுக்கும். நெடுநாள் தோலிற் படின் உடலுக்கும் ஊறு விளைக்கும். மூடிய தகரத்திற் சேர்த்துக் கழிவெண்ணெய் பெறுவோரிடம் கொடுத்தலே முறை.

முடிவுரை

சுருங்கக் கூறின், தடிப்பைச் சூட்டுக்கு ஏற்பவும், வகுப்பை என்ஜினுக்கு ஏற்பவும், காலத்தை உழைப்புக்கு ஏற்பவும் கொள்ளுதலே எண்ணெய் தேரும் முறையாம். இதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை; தகரத்தின் மேலுள்ள குறியைப் படித்தறியும் சிறு பொறுமையே வேண்டும். நம் வீட்டுப் பெரியோர் பலர்க்கு அக்குறிகள் அறியாத மொழியின் எழுத்துக்களாகவே நிற்கின்றன. கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததையே வாங்கி வருகின்றனர். கற்ற மாணாக்கர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அத்தகரத்தை ஒருமுறை கையிலெடுத்துப் படித்து, அதன் பொருளைத் தந்தையார்க்கும் மாமன்மார்க்கும் எடுத்துரைப்பாராக. மாற்றிய நாளையும் மணிக்கணக்கையும் கொட்டிற் சுவரில் எழுதி வைப்பாராக. நம்மைக் கல்லூரிக்கு அனுப்பிய வயலுக்கு நாம் கற்ற எழுத்து இவ்வளவேனும் பயன்படுதல் தகும்.